'இல்லை' என்ற ஒரு சொல்லும் பார்வையாளர் தீர்ப்பும்

நீதிமன்றத்தில் கிட்டாத நீதி கதையிலாவது கிட்ட வேண்டும் என்று மனித உள்ளம் ஏங்குகிறது. இந்த ஏக்கத்தை இழிவாகப் பேசிவிட இயலாது. கொடியவர் செழிப்பதையும் எளியவர் நசுக்கப்படுவதையும் கண்டு, இன்னும் எத்தனைக் காலம் பொறுப்பது என்று கடவுளிடமே முறையிட்ட குரல்கள் திருப்பாடல்களில் உண்டு. 94ஆம் திருப்பாடல் ஆண்டவரைப் பழிவாங்கும் இறைவன் என்றே விளித்துத் தொடங்குகிறது. ஆகவே, தீயவன் தண்டனை பெறவேண்டும் என்று விரும்புவது தன்னளவில் பாவமன்று. ஆனால் அந்த விருப்பம் யாருக்காக எழுகிறது? துன்புற்றவருக்காகவா, அல்லது அவரது துன்பத்தைக் கண்டு பொறுக்க மாட்டாத நமக்காகவா?

இக்கேள்வியை நம் முன் கூர்மையாக வைப்பது ஒரு தொலைக்காட்சி நாடகம். 2001ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அமெரிக்காவின் எச்.பி.ஓ. அலைவரிசையில் 'தி சொப்ரானோஸ்' தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பாயிற்று. 'எம்ப்ளாயீ ஆஃப் தி மந்த்', அதாவது 'இம்மாதத்தின் சிறந்த பணியாளர்' என்பது அதன் தலைப்பு. அப்பகுதி எவ்வளவு பேசப்பட்டதோ, அவ்வளவுக்கு அதைக் கண்டவர்கள் வழங்கிய தீர்ப்பும் ஆராயத்தக்கது. நாடகத்தைக் காட்டிலும் அத்தீர்ப்பே நம் ஆன்மிக வாழ்வுக்கு அதிகம் கற்பிக்கிறது என்பது நம் கருத்து.

தொடரும் அதன் நாயகனும்

டேவிட் சேஸ் உருவாக்கிய இத்தொடர் 1999 ஜனவரி 10 முதல் 2007 ஜூன் 10 வரை 86 பகுதிகளாக வெளிவந்தது. நியூ ஜெர்சியில் வாழும் இத்தாலிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் தலைவன் டோனி சொப்ரானோ. அவன் ஒரு குற்றக் கும்பலுக்கும் தலைவன். மனைவி மக்களை நேசிப்பவன். கொலை செய்ய அஞ்சாதவன். திடீரென்று நெஞ்சு படபடத்து மயங்கி விழும் நோய் அவனுக்கு வருகிறது. அதன் பொருட்டு அவன் நாடிச் செல்லும் உளநல மருத்துவரே ஜெனிஃபர் மெல்ஃபி. டோனியாக ஜேம்ஸ் கான்டல்ஃபீனியும், மெல்ஃபியாக லொரெய்ன் பிராக்கோவும் நடித்தனர்.

பார்வையாளருக்கும் டோனிக்கும் இடையே உறவு எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிந்தால்தான் பின்னர் நேர்ந்தது விளங்கும். 1999 பிப்ரவரி 7 அன்று வெளியான 'காலேஜ்' என்னும் ஐந்தாம் பகுதியில், மகளுக்குக் கல்லூரி பார்க்க மெய்ன் மாநிலத்துக்குச் செல்லும் டோனி, முன்னாளில் கும்பலைக் காட்டிக்கொடுத்த ஒருவனைத் தற்செயலாகக் காண்கிறான். மகளை நேர்முகத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, தன் கையாலேயே அவன் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். இப்படி ஒரு காட்சி வந்தால் மக்கள் நாயகனை வெறுத்துவிடுவர் என்று எச்.பி.ஓ. பொறுப்பாளர் கிறிஸ் ஆல்பிரெக்ட் அஞ்சினார். கொல்லாவிட்டால்தான் அவனை நம்ப மாட்டார்கள் என்று சேஸ் வாதாடினார். கொல்லப்படுபவனைச் சற்றே அதிகம் வெறுக்கத்தக்கவனாகக் காட்டுவது என்ற உடன்பாட்டின்பேரில் காட்சி இடம்பெற்றது. மக்கள் நாயகனை வெறுக்கவில்லை. முன்னினும் ஆவலோடு பார்த்தனர்.

இவ்வுடன்பாடு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கொல்லப்படுபவன் போதிய அளவு கெட்டவனாக இருந்தால், கொலைக்கு நம் இசைவை எளிதில் பெற்றுவிடலாம். இரண்டே ஆண்டுகளில் அந்த இசைவு எவ்வளவு தூரம் சென்றிருந்தது என்பதை மெல்ஃபியின் கதை காட்டிற்று.

ஒரு படிக்கட்டும் ஒரு கனவும்

பணி முடிந்து தம் வாகனத்தை எடுக்கச் செல்லும் மெல்ஃபி, வாகன நிறுத்தகத்தின் படிக்கட்டில் ஒருவனால் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார். காவல்துறை அவனை விரைவிலேயே பிடிக்கிறது. ஆனால் சான்றுப் பொருளைக் கையாள்வதில் நேர்ந்த குளறுபடியால் அவன் விடுவிக்கப்படுகிறான். பிறகொரு நாள் உணவு வாங்க ஒரு கடைக்குள் நுழையும் மெல்ஃபி, அங்கே சுவரில் அவனது நிழற்படத்தைக் காண்கிறார். அக்கடையின் அம்மாதச் சிறந்த பணியாளன் அவன்! தலைப்பின் கசப்பு அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. சட்டம் கைவிட்ட இடத்தில் சமுதாயம் அவனுக்குப் பாராட்டும் வழங்கியிருக்கிறது.

அதன்பின் அவர் ஒரு கனவு காண்கிறார். குளிர்பானம் வழங்கும் இயந்திரத்தில் அவர் கை சிக்கிக்கொள்கிறது. பெரிய தலையும் அகன்ற தோளும் கொண்ட ராட்வைலர் நாய் ஒன்று எதிரே நிற்கிறது. அஞ்சுகிறார். மீண்டும் தாக்க வருகிறான் அக்கொடியவன். நாய் அவன்மேல் பாய்ந்து குதறுகிறது. தம் உளநல மருத்துவரும் நண்பருமான எலியட் கப்ஃபர்பெர்க்கிடம் இக்கனவைச் சொல்லும்போதே, அந்த நாய் யார் என்பது மெல்ஃபிக்குப் புலனாகிவிடுகிறது. டோனியிடம் ஒரு சொல் சொன்னால் போதும். குற்றவாளி உயிரோடு இருக்க மாட்டான். அந்த எண்ணமே ஓர் ஆறுதலாக இருக்கிறது என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். ஆயினும், மனிதர் கூடி வாழ்வதற்கென்று செய்துகொண்ட உடன்படிக்கையைத் தாம் மீறப்போவதில்லை என்றும் சொல்கிறார்.

இறுதிக் காட்சி மருத்துவரின் அறையில் நிகழ்கிறது. அவருக்கு வாகன விபத்தில் அடிபட்டது என்றே டோனி நம்பிக்கொண்டிருக்கிறான். உரையாடலின் நடுவே மெல்ஃபி உடைந்து அழுகிறார். டோனி பதறி எழுந்து அருகில் வருகிறான், ஆறுதல் கூறுகிறான், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்கிறான். மெல்ஃபி அவனை நிமிர்ந்து பார்க்கிறார். 'இல்லை' என்கிறார். அத்துடன் திரை இருள்கிறது.

ராபின் கிரீன், மிட்செல் பர்கெஸ் ஆகிய இருவரும் எழுதிய இப்பகுதிக்கு 2001ஆம் ஆண்டு சிறந்த நாடக எழுத்துக்கான எம்மி விருது கிடைத்தது.

மூவகைத் தீர்ப்புகள்

இம்முடிவைக் கண்டவர்களின் கருத்துகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதல் வகையினர், மெல்ஃபி சொல்லியிருக்க வேண்டும் என்றனர். சட்டம் தோற்றுவிட்டது, வலிமை வாய்ந்த ஒருவன் கேட்கிறான், அவர் வாய் திறக்காதது அவர்களுக்கு எரிச்சலூட்டியது. அவ்வாரம் முடிந்ததோடு அவர்கள் எதிர்பார்ப்பு முடியவில்லை. அடுத்த வாரம் டோனிக்குத் தெரிந்துவிடும், அதற்கடுத்த வாரம் கணக்குத் தீர்க்கப்படும் என்று காத்திருந்தனர். தொடர் முடியும்வரை அது நிகழவேயில்லை. திரைப்படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் எங்கேனும் ஓரிடத்தில் அறக்கணக்கு நேர்செய்யப்படும் என்று எதிர்பார்க்கிறார்கள், உலகம் அவ்வாறு இயங்குவதில்லை என்ற பொருள்படச் சேஸ் பின்னர் விளக்கம் அளித்தார்.

இரண்டாம் வகையினர் அந்த 'இல்லை'யை வெற்றியாகக் கொண்டாடினர். தீமை நிறைந்த அந்தத் தொடரில் சோதனையை வென்ற ஒரே மனிதர் மெல்ஃபி என்றனர். மூன்றாம் வகையினர், வன்முறைக் காட்சியை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டியிருக்க வேண்டாம் என்று வருந்தினர்.

மூன்றாம் கருத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட விதித்தொகுப்பின் 7ஆம் பத்தி, தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழமாக அறிந்துகொள்ளத் துணைபுரியலாம் என்று ஏற்கிறது. ஆனால் அது அறநெறியின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கவேண்டும் என்றும் வரையறுக்கிறது. இப்பகுதியின் காட்சியில் கிளர்ச்சியூட்டும் நோக்கம் சிறிதும் இல்லை. எனினும், அதில் பாதி காட்டியிருந்தாலும் நாம் முழுவதையும் உணர்ந்திருப்போம். இவ்வளவில் அவர்களது வருத்தம் நியாயமானதே.

அலிப்பியுவின் கண்கள்

அதே விதித்தொகுப்பின் 9ஆம் பத்தி, படைப்போருக்கு மட்டுமல்லாது பார்ப்போருக்கும் கேட்போருக்கும் கடமைகள் உண்டு என்கிறது. பார்ப்பது ஒரு செயல். அதற்கு நாம் பொறுப்பாளிகள். இதைப் புனித அகுஸ்தீனார் நான்காம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில், நண்பர் அலிப்பியுவைப் பற்றி எழுதுகிறார். சட்டம் பயில உரோமைக்குச் சென்ற அலிப்பியு, வாள்வீரர் போரிட்டு மடியும் அரங்கை வெறுத்தவர். நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றபோது கண்களை இறுக மூடிக்கொண்டார். கூட்டத்தின் பேரிரைச்சல் எழுந்ததும் ஒரு கணம் கண் திறந்தார். வீழ்ந்த வீரனின் உடற்காயத்தைவிட அவரது ஆன்மாவின் காயம் பெரிதாயிற்று. அன்றுமுதல் தாமே பிறரை அழைத்துச் செல்பவராகவும் ஆனார். பின்னர் அவர் மனந்திரும்பினார் என்பது வேறு கதை.

முதல் வகைப் பார்வையாளரின் நிலை இதுதான். உண்மையைச் சொல்லவேண்டுமானால், நம் நிலையும் அதுவே. டோனி எழுந்து மெல்ஃபியிடம் வரும் அந்தச் சில நொடிகளில், 'சொல்லிவிடுங்கள்' என்று நம் உள்ளமும் தூண்டியது. ஓய்வுநாள் தோறும் பலிபீடத்தில் நின்று பகைவரை நேசிப்பது பற்றிப் பேசும் உள்ளம் அது. நாயின் பற்கள் கொடியவன்மேல் பதிந்த கனவுக்காட்சியில் நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதில் பயனில்லை. வேறொருவர் கை கொலை செய்யும். வேறொருவர் வாய் அதை ஏவும். நாம் கறைபடாமல் நாற்காலியில் அமர்ந்து நிறைவு கொள்வோம். பழிவாங்குதலின் இன்பம் முழுவதும் நமக்கு, பாவம் முழுவதும் அவர்களுக்கு!

தண்டனையை விரும்புவதே தவறு என்று நாம் கூறவில்லை. புனித தோமா அக்குவினாஸ் இதை நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறார். தண்டிப்பவர் உள்ளத்தில் இருப்பது தீயவன் திருந்துவதோ, பிறர் காக்கப்படுவதோ, நீதி நிலைபெறுவதோ எனில் அது நேர்மையானது. அவன் துன்புறுவதைக் கண்டு களிப்பதே நோக்கமெனில் அது வெறுப்பின் மறுவடிவம். மெல்ஃபியைத் தாக்கியவன் சிறைக்குச் செல்ல வேண்டியவன். அவனை விடுவித்தது அநீதி. ஆனால் பார்வையாளர் காத்திருந்தது அவன் சிறைக்குச் செல்வதற்காக அன்று.

தாமாரை யார் கேட்டார்?

இந்நாடகத்தைக் காணும் விவிலிய வாசகர் ஒருவருக்குச் சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. தாவீதின் மகள் தாமாரை அவள் ஒன்றுவிட்ட சகோதரன் அம்னோன் பலவந்தப்படுத்துகிறான். அரசனாகிய தாவீது கடுஞ்சினம் கொள்கிறார்; ஆனால் எதுவும் செய்வதில்லை. சான்றைத் தொலைத்த காவல்துறையின் இடத்தில் அங்கே ஓர் அரியணை. தாமாரின் உடன்பிறந்தான் அப்சலோம், அவளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு ஆண்டுகள் உள்ளத்தில் பகை வளர்த்து, விருந்து ஒன்றில் அம்னோனைக் கொல்விக்கிறான். பார்வையாளர் விரும்பிய முடிவு இங்கே கிடைத்துவிட்டது!

ஆனால் தாமார்? தன் சகோதரன் வீட்டில் பாழ்பட்டவளாய்த் தங்கினாள் என்பதோடு அவள் கதை நின்றுவிடுகிறது. பழி தீர்ந்த நாளில் அவள் முகம் எப்படியிருந்தது என்று எவரும் எழுதவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை. அப்சலோமின் வாளோ அம்னோனோடு நிற்கவில்லை. தந்தைக்கு எதிரான கலகமாக வளர்ந்து, நாட்டைப் பிளந்து, அவனையும் எப்ராயிம் காட்டில் கருவாலி மரத்தில் தொங்கவிட்டது. தங்கைக்காக எடுத்ததாகச் சொன்ன வாள் இறுதியில் தங்கையைத் தவிர எல்லாரையும் பற்றியதாகிவிட்டது.

மெல்ஃபிக்குத் தெரிந்திருந்தது இதுதான். டோனியிடம் ஒரு சொல் சொன்னால் குற்றவாளி இறப்பான். அதன்பின் மெல்ஃபி டோனிக்குக் கடன்பட்டவராவார். அவர் பட்ட வேதனை டோனியின் வீரக்கதையில் ஓர் அத்தியாயமாகிவிடும். தம்மிடமிருந்து ஒருவன் வன்முறையால் பறித்ததை மீட்கும் முயற்சியில், எஞ்சியிருந்ததையும் இன்னொரு வன்முறையாளனிடம் ஒப்படைப்பதாக அது முடியும். அந்த நாயைத் தம் பாதுகாவலாக ஏற்க அவர் மறுத்தார். அவர் சொன்ன 'இல்லை'யின் பொருள் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

விரைந்து மன்னிக்கச் சொல்வோர்

இனி இரண்டாம் வகையினரைப் பற்றி. அந்த 'இல்லை'யை வெற்றியென்று கொண்டாடிய இவர்கள் நம் பக்கத்தவர்கள் போலத் தோன்றுவர். மறையுரைக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக இதை எடுத்தாள நம்மில் பலருக்குக் கை துடிக்கும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. மெல்ஃபி மன்னித்தார் என்று நாடகம் எங்கும் சொல்லவில்லை. அவர் முகத்தில் அமைதி இல்லை. கண்ணீர் காயவில்லை. திரை இருளும்போது அவர் காயம் அப்படியே திறந்திருக்கிறது. அதை வெற்றி என்று நாம் பெயரிடுவது நமக்கு நிம்மதி தருகிறதே அன்றி அவருக்கு அன்று.

நம் குறையை நாமே சொல்லிவிடுவது நல்லது. ஒருமுறை, இழைக்கப்பட்ட அநீதிக்கு எங்கும் நீதி கிடைக்காத ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்து அமர்ந்தார். அவர் சொல்லி முடிக்குமுன்னரே நாம் மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். சொன்னவை எல்லாம் சரியான கருத்துகளே, குருமடத்தில் கற்றவை. அவர் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார், எழுந்து சென்றார். அதன்பின் அதைப்பற்றி நம்மிடம் அவர் பேசவேயில்லை. அவருடைய வேதனையை நம் அறையில் நெடுநேரம் வைத்திருக்க நமக்குத் துணிவில்லை என்பதை வெகுகாலம் கழித்தே உணர்ந்தோம். கொன்றுவிடு என்று துடிக்கும் பார்வையாளரும், மன்னித்துவிடு என்று அவசரப்படுத்தும் போதகரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். கதை விரைவில் முடியவேண்டும்; அழுகை நிற்கவேண்டும்; நாம் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும்.

திருச்சபையின் போதனை இந்த அவசரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. தீங்கை உணராமல் இருப்பதும் அதை மறந்துவிடுவதும் நம் ஆற்றலுக்கு உட்பட்டவை அல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2843ஆம் எண்ணில் வெளிப்படையாகவே கூறுகிறது. தூய ஆவியாருக்குத் தன்னைக் கையளிக்கும் உள்ளத்தில்தான் காயம் இரக்கமாக மாறுகிறது. அது அருள், நாம் கட்டளையிட்டு வரவழைக்கக் கூடியதன்று. பழிவாங்குதலை இறைவனிடம் விட்டுவிடுமாறு உரோமையருக்கு எழுதிய பவுலடியார், அடுத்த அதிகாரத்திலேயே தீமை செய்பவரைத் தண்டிக்கும் பொறுப்பு ஆட்சியாளருக்கு உண்டு என்பதையும் நினைவூட்டுகிறார். பழிவாங்க மறுப்பவருக்கு நீதி கேட்கும் உரிமை போய்விடுவதில்லை. அந்த உரிமைக்காக அவரோடு நிற்கும் கடமையும் நம்மை விட்டு நீங்குவதில்லை.

தொடரின் குறை

இவ்வளவு சொன்னபின், நாடகத்தின்மீது நமக்குள்ள ஒரு குறையையும் கூறவேண்டும். பழிவாங்குதலை மறுத்த தொடர், பின்வந்த ஆண்டுகளில் மெல்ஃபியின் காயத்தை அரிதாகவே நினைவுகூர்ந்தது. குற்றவாளி என்ன ஆனான் என்று சொல்லாமல் விட்டதில் பிழையில்லை, வாழ்க்கையிலும் அப்படித்தான். ஆனால் அவர் எப்படி எழுந்தார், இரவுகளை எப்படிக் கடந்தார் என்பதற்கு, டோனியின் வீட்டுச் சண்டைகளுக்குக் கிடைத்த இடத்தில் பத்திலொரு பங்கும் கிடைக்கவில்லை. சேஸும் தாமாரைச் சகோதரன் வீட்டில் விட்டுவிட்டு அரண்மனைக் கதைக்குத் திரும்பிவிட்டார். 2007 ஜூன் 3 அன்று வெளியான இறுதிக்கு முந்தைய பகுதியில், மெல்ஃபி டோனிக்கு மருத்துவம் பார்ப்பதை நிறுத்திக் கதவைச் சாத்துகிறார். அதை அவரது இரண்டாம் 'இல்லை' எனலாம்.

ஒரு வாரம் கழித்து ஜூன் 10 அன்று வந்த கடைசிப் பகுதியை ஏறத்தாழ 1 கோடியே 19 இலட்சம் பேர் பார்த்தனர். டோனி கொல்லப்படுகிறானா இல்லையா என்று காட்டாமல், உணவகத்தில் குடும்பத்தோடு அமர்ந்திருக்கும்போதே திரை இருண்டது. தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகிவிட்டதோ என்று பலர் திகைத்தனர், பலர் சினந்தனர். எட்டு ஆண்டுகள் எவனது வன்முறையை விரும்பிப் பார்த்தார்களோ, எவனை மெல்ஃபிக்காகக் கொல்லச் சொன்னார்களோ, அவனது இரத்தத்தையே இப்போது பலர் கேட்டனர். அரங்கின் இரைச்சலுக்கு யார் வீழ்கிறார் என்பது பொருட்டன்று.

அந்த இருண்ட திரையில் தெரிவது பார்ப்பவர் முகம்தான். கதைகள் நம் ஆசையை நிறைவேற்ற மறுக்கும்போது சினம் கொள்ளாமல், அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகுவோம். அதைவிட முதன்மையான ஒன்று உண்டு. நம் பங்கிலும் நம் தெருவிலும் நீதி கிடைக்காத தாமார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாளோடும் போகவேண்டாம். ஆயத்தமான அறிவுரையோடும் போகவேண்டாம். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்போம். 'இல்லை' என்று அவர்கள் சொன்னாலும் எழுந்து போகாமல் அருகில் அமர்ந்திருப்போம். சிலுவையின் அடியில் நின்ற அன்னை மரியா அன்று செய்ததும் அதுவே.